கம்பாத் நகரின் அகீக் மணிகள்

குஜராத் மாநிலத்தில், மாஹி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே அமைந்திருக்கிறது கம்பாத் நகரம். ஆங்கிலேயர் இதனைக் ‘காம்பே’ என்றழைத்தனர். அரபு வணிகர்களின் நாவில் ‘கன்பாயா’ என்று வழங்கிற்று. நம் பாட்டனார்கள் உடுத்திய ‘கம்பாயம்’ என்னும் கைலியின் பெயரைக்கூட இவ்வூரோடு தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் இந்துமாக்கடலின் இரு கரைகளுக்கும் துணியும் நீலமும் மணியும் ஏற்றி அனுப்பிய இப்பெருந்துறைமுகம், ஆற்று வண்டல் படிந்து படிந்து தூர்ந்துபோனது. கப்பல்கள் சூரத்துக்கும், பின்னர் பம்பாய்க்கும் திரும்பின. ஆனால் கல்லைத் துளைத்து மணியாக்கும் கைத்தொழில் மட்டும் இந்நகரை விட்டுப் போகவில்லை.

ஆனந்த் சந்திப்பிலிருந்து பிரியும் கிளை இரயில் பாதை கம்பாத்தில் வந்து முடிகிறது. பாதையின் இருமருங்கும் புகையிலை வயல்கள். நகருக்குள் நுழைந்ததும் பழைய கோட்டைச் சுவரின் எச்சங்களும், மரச் சிற்ப வேலைப்பாடமைந்த பழைய வீடுகளும் கண்ணில் படும். 1948ஆம் ஆண்டு வரை நவாபுகளின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்த ஊர் இது.

நகரின் பெருமைக்குச் சான்றாக நிற்பது ஜும்ஆ மஸ்ஜித். கி.பி. 1325இல் கட்டப்பெற்ற இப்பள்ளிவாசல், குஜராத்தின் மிகப் பழைமையான பெரும் பள்ளிவாசல்களுள் ஒன்று. பரந்த திறந்தவெளி முற்றமும் தூண்கள் அணிவகுத்த தொழுகைக் கூடமும் அக்காலச் செல்வச் செழிப்பை எடுத்துரைக்கின்றன. இதனை ஒட்டியே 1333இல் மறைந்த உமர் இப்னு அஹ்மத் அல் காஸரூனி என்னும் வணிகப் பெருமகனின் அடக்கவிடம் இருக்கிறது. அதன் வெண்பளிங்குக் கல்லில் செதுக்கப்பட்ட எழுத்துகளின் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். கம்பாத்தில் செதுக்கிய இத்தகைய பளிங்குக் கல்லறைக் கற்கள் கடல் கடந்து சுமத்ராவின் பாசாய் வரையிலும், ஜாவாவின் கிரெசிக் வரையிலும் சென்றிருக்கின்றன. 1342இல் தில்லியிலிருந்து சீனம் நோக்கிப் புறப்பட்ட பயணி இப்னு பதூதா இந்நகர் வழியே சென்றபோது, அயல்நாட்டு வணிகர்கள் எழுப்பிய அழகிய மாளிகைகளையும் பள்ளிவாசல்களையும் கண்டு வியந்து எழுதினார்.

கல் வரும் வழி

கம்பாத்தின் கடைகளில் சிவப்பும் தேன் நிறமும் சாம்பலும் வெண்மையுமாகக் குவிந்து கிடக்கும் மணிகளின் மூலக்கல் கம்பாத்தில் கிடைப்பதில்லை. நர்மதை ஆற்றின் தென்பால், பரூச் மாவட்டத்து ஜகடியா வட்டாரத்தில் உள்ள ரத்தன்பூர் மலைப்பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளாக அது வந்துகொண்டிருக்கிறது. கிணறு போலத் தோண்டி, கூழாங்கற்களாகப் புதைந்து கிடப்பவற்றை எடுப்பார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசாவும் ரத்தன்பூருக்கு அருகிலுள்ள லிமோத்ராவில் இக்கல் கிடைப்பதைக் குறித்துச் சென்றுள்ளார்.

அங்கே ஒரு குன்றின் மீது பாவா கோர் என்னும் மகானின் அடக்கவிடம் இருக்கிறது. அபிசீனியாவிலிருந்து வந்தவர் என்று போற்றப்படும் அவரே அகீக் கல்தொழிலை இவ்வட்டாரத்தில் வளர்த்தார் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி முஸ்லிம்கள் அவ்விடத்தைப் பேணி வருகின்றனர். வரிகள் ஓடும் ஒருவகைக் கல்லுக்கு வணிகர்கள் ‘பாபாகோரி’ என்றே பெயரிட்டு வழங்கினர்.

தமிழில் நாம் ‘சூதுபவளம்’ என்று சொல்வது இக்கல்லின் சிவந்த வகையைத்தான். மண்ணிலிருந்து எடுக்கும்போது அது பெரும்பாலும் மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெயிலில் நெடுநாள் உலர்த்தி, மண்கலங்களில் அடுக்கி, மரத்தூள் அல்லது வறட்டியின் மெல்லிய நெருப்பில் வாட்டுவார்கள். கல்லினுள் நுண்ணளவில் உள்ள இரும்புச் சத்து வெம்மையினால் மாறிச் செந்நிறம் பெறும். பதம் தப்பினால் கல் வெடித்துவிடும். ஆகவே பொறுமையே இங்கு முதல் முதலீடு.

மணி உருவாகும் விதம்

வாட்டிய கல்லை உடைக்கும் முறை விந்தையானது. கூர்முனையுள்ள இரும்புக் கோலொன்றைத் தரையில் சாய்வாக நட்டிருப்பார்கள். கல்லை அதன் முனையில் பொருத்தி, எருமைக் கொம்பினால் செய்த சுத்தியலால் மறுபுறம் மெல்லத் தட்டுவார்கள். சுத்தியல் படும் இடத்தில் உடையாமல், இரும்பு முனை தொடும் இடத்தில் சில்லு பெயரும். தட்டத் தட்ட, கரடுமுரடான கல் ஏறத்தாழ உருண்டையாகவோ நீளுருண்டையாகவோ உருப்பெறும். பின்னர் சாணைச் சக்கரத்தில் தேய்த்து வடிவைச் சீராக்குவர்.

அதன் பின்னரே துளை. மரக் கிடுக்கியில் மணியை இறுக்கி, வில் துரப்பணத்தை முன்னும் பின்னும் இழுப்பார்கள். துரப்பண ஊசியின் நுனியில் பொடி வைரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். முதலில் ஒரு சிறு குழி. பின்னர் அக்குழியில் ஊசியை நிறுத்தி, நீர் சொட்டுச் சொட்டாக விழ, பாதி ஆழம் வரை துளைப்பு. அடுத்து மணியைத் திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து துளைத்து வருவார்கள். இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து துளைத்துக்கொண்டே போனால், ஊசி வெளியேறும் இடத்தில் மணியின் முகம் சிதறிவிடும். அதுவரை செய்த வேலையனைத்தும் வீணாகும். கண்ணால் காண முடியாத மணியின் நடுவிடத்தைக் கையின் உணர்வால் அறிந்து இரு துளைகளையும் இணைப்பதே இத்தொழிலின் நுட்பம்.

இறுதியில் மெருகு. முற்காலத்தில் தோல் பையில் மணிகளையும் கல்தூளையும் நீரையும் இட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்களாம். இன்று மின்விசையால் சுழலும் பீப்பாய்கள் அவ்வேலையைச் செய்கின்றன. துளையிடுதலிலும் மின்கருவிகள் புகுந்துவிட்டன.

துளை காக்கும் வரலாறு

இத்தொழிலின் வேர் பள்ளிவாசலின் காலத்தையும் கடந்து ஆழச் செல்கிறது. கம்பாத் வளைகுடாவை அடுத்த லோதலில் 1955 முதல் நடந்த அகழாய்வில், 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மணித் தொழிற்கூடம் ஒன்று வெளிப்பட்டது. சிந்து வெளி மக்கள் வைர ஊசியை அறியாதவர்கள். எனினும், மிகக் கடினமான ஒருவகைக் கல்லால் செய்த துரப்பண முனையைக் கொண்டு விரல் நீளத்திற்கும் அதிகமான சூதுபவள மணிகளைத் துளைத்தார்கள். அமெரிக்க அறிஞர் ஜொனாதன் மார்க் கெனோயர், கம்பாத் கைவினைஞர்களோடு பழகி, அவர்தம் முறைகளைப் பதிவுசெய்து, பழைய முறையைச் சோதித்தும் பார்த்தார். மணிக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளைக்க முடிந்தது. கராச்சிக்கு அருகேயுள்ள அல்லாதினோ என்னுமிடத்தில் கிடைத்த, 36 நீள மணிகள் கோத்த ஒரே ஓர் இடையணிக்கு 480 வேலை நாள்களுக்கு மேல் தேவைப்பட்டிருக்கும் என்பது கணக்கு.

இதனை எவ்வாறு கண்டறிந்தார்கள்? மணியின் புறத்தை மெருகு மறைத்துவிடுகிறது. உட்புறத்துத் துளையோ, கருவி பட்ட தழும்பை அப்படியே காத்து வைத்திருக்கிறது. துளைக்குள் சிலிக்கோன் குழம்பைச் செலுத்தி அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கல் முனையால் துளைத்தது ஒரு விதமாகவும், வைர முனையால் துளைத்தது வரிவரியான கீறல்களோடும் தெரிகிறது. நம் தமிழ் மண்ணில் கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. குஜராத்துக் கல்லுக்கும் நமக்கும் இடையிலான உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர்.

அளவறிந்து வாங்குதல்

கம்பாத்தின் மணிகள் மாலைகளாகவும், மோதிரக் கற்களாகவும், தஸ்பீஹ் மணிகளாகவும் பல நாடுகளுக்குச் செல்கின்றன. ‘காம்பே அகேட்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இங்கோ, நம்மூர்க் கடைகளிலோ மணி வாங்கி வீட்டில் கோக்க விரும்பும் சகோதரிகள் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று மணியின் அளவு; மற்றொன்று துளையின் அளவு. பெரும்பாலோர் முன்னதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னதால் அவதியுறுகின்றனர்.

கல்மணிகளை மில்லிமீட்டரில் அளப்பது வழக்கம். 16 அங்குலச் சரம் என்பது சுமார் 406 மில்லிமீட்டர். அதில் 4 மி.மீ. மணியானால் ஏறக்குறைய 100, 6 மி.மீ. மணியானால் 67, 8 மி.மீ. மணியானால் 50, 10 மி.மீ. மணியானால் 40 அடங்கும். உருண்டையல்லாத மணிகளில், துளை ஓடும் திசையில் உள்ள நீளத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சரத்தின் நீளத்தை நிர்ணயிப்பது அதுதான்.

பாசிமணிகளுக்கு வேறு கணக்கு. அவற்றை எண்களால் குறிப்பார்கள். எண் பெருகப் பெருக மணி சிறுக்கும். 6ஆம் எண் சுமார் 4 மி.மீ., 8ஆம் எண் சுமார் 3 மி.மீ., 11ஆம் எண் சுமார் 2 மி.மீ., 15ஆம் எண் சுமார் ஒன்றரை மி.மீ. இருக்கும். ‘பெரிய எண் கொடுங்கள்’ என்று கேட்டுச் சிறிய மணியோடு வீடு திரும்புவோர் உண்டு. நிக்காஹ் நாளில் நம் பெண்களுக்கு அணிவிக்கும் கருகமணியை மீண்டும் கோக்க நேரும்போது இவ்வெண் கணக்கு மிகவும் உதவும்.

இனித் துளை. மணி பெரிதானால் துளையும் பெரிதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது உண்மையன்று. 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள கல்மணிகளில் பொதுவாகத் துளை 0.8 முதல் 1 மி.மீ. வரைதான். 10 மி.மீ. மணியிலும் பெரும்பாலும் 1 மி.மீ. சுற்றியே நிற்கும். முத்துக்கு இன்னும் குறுகிய துளை. பல முத்துகளில் 0.5 முதல் 0.8 மி.மீ. வரையே இருக்கும். முத்து எடைக்கு விற்கும் பொருள். துளை அகன்றால் எடை குறையும், விலையும் குறையும். ஆகையால் துளைப்பவர் மயிரிழை கணக்குப் பார்க்கிறார். தோல் கயிற்றிலோ தடித்த பருத்திக் கயிற்றிலோ கோப்பதற்கென 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் துளையுள்ள மணிகளைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

துளையை அளக்க எளிய வழியொன்று உண்டு. தரக் கம்பித் துண்டுகள் சிலவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வழங்கும் பிரிட்டிஷ் அளவின்படி 18 எண் கம்பி சுமார் 1.2 மி.மீ., 20 எண் 0.9 மி.மீ., 22 எண் 0.7 மி.மீ., 24 எண் 0.55 மி.மீ. தடிமன் கொண்டது. 22 எண் கம்பி நுழைந்து 20 எண் கம்பி நுழையாவிட்டால், துளை 0.7க்கும் 0.9க்கும் இடைப்பட்டது என்று அறியலாம். கம்பி பாதியில் தடைபட்டால், இருபுறத் துளைகளும் நடுவில் சரியாகச் சந்திக்கவில்லை என்பது பொருள். அத்தகைய மணியைத் தள்ளிவிடுவதே நல்லது.

நூல், துளையை ஏறத்தாழ நிரப்ப வேண்டும். மெல்லிய நூல் அகன்ற துளையில் கிடந்தால் மணி ஆடும். துளையின் கூர்மையான விளிம்பு நாளடைவில் நூலை அறுத்துவிடும். கொக்கி கட்டும் முனைகளில் நூல் இருமுறை செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். 0.8 மி.மீ. துளைக்கு 0.4 மி.மீ. நூல்தான் இருமுறை செல்லும், அதுவும் இறுக்கமாகத்தான். முத்துக்கும் விலையுயர்ந்த கல்லுக்கும் பட்டு நூலில் மணிக்கு மணி முடிச்சிட வேண்டும். முடிச்சு துளையை விடப் பெரிதாக இருந்தால்தான் மணிகள் ஒன்றோடொன்று உரசாமலும், நூல் அறுந்தால் எல்லாம் சிதறாமலும் காக்கும்.

தஸ்பீஹ் கோப்பதற்கு இதற்கு நேர்மாறான இலக்கணம். அங்கே மணிகள் நூலில் தாராளமாக வழுக்கிச் செல்ல வேண்டும். 8 மி.மீ. மணி 99 எனில் மணிகளின் நீளம் மட்டும் 792 மி.மீ.; 10 மி.மீ. மணி 33 எனில் 330 மி.மீ. இதற்கு மேல், விரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளுவதற்கு மூன்று நான்கு விரற்கடை வெற்றிடம் விட வேண்டும். முடிவிலுள்ள நீண்ட தலைமணியில் மூன்று வாய்கள் இருக்கும். இருபக்கமும் இரு சரங்கள் நுழைந்து மேற்புறமாக ஒன்றாக வெளிவரும். ஆகவே அதன் மேல்துளை மட்டும் இரு நூல்களை ஏற்கும் அகலம் உடையதா என்று பார்த்து வாங்குங்கள்.

கல்லின் தரத்தையும் துளையே காட்டிக்கொடுக்கும். சாயமேற்றிய கல்லில் சாயம் துளையின் வாயருகே தேங்கி அடர்ந்து தெரியும். பிளாஸ்டிக் மணியில் துளையின் அருகே வார்ப்பச்சின் கோடு ஓடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கணம் பார்த்தால் போதும்.

மெருகின் விலை

இத்தனை அழகுக்கும் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. அகீக் என்பது ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. நீரின்றி உலர்ந்த சக்கரத்தில் அதனைத் தேய்க்கும்போது எழும் தூசியில், ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் கலந்திருக்கும். அவை கண்ணுக்குத் தெரியா, மூக்கில் தங்கா, நேரே நுரையீரலின் ஆழத்தில் சென்று படியும். அங்கே தழும்பு உண்டாகி, மூச்சுப்பை மெல்ல மெல்ல இறுகிப்போகும். இதுவே ‘சிலிக்கோசிஸ்’. இதற்கு முழுமையாகக் குணமளிக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் வந்து பற்றிக்கொள்ளும். பலருக்குக் காசநோய் என்றே எண்ணி மருந்து கொடுத்துக் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

கம்பாத்திலும் அதனையடுத்த ஷகர்பூரிலும் இத்தொழில் பெரும்பாலும் வீடுகளிலேயே நடக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களுமாகப் பல குடும்பங்கள் இதனை நம்பி வாழ்கின்றன. ஒரு குடும்பம் உடைக்கிறது, மற்றொன்று தேய்க்கிறது, வேறொன்று துளைக்கிறது, பெண்கள் கோக்கின்றனர். சக்கரம் சுழலும் முற்றத்திலேயே குழந்தைகள் விளையாடுகின்றனர். தேய்ப்பவர் மட்டுமன்றி, அண்டை வீட்டாரும் அத்தூசியைச் சுவாசிக்கின்றனர். சிறு சிறு வீட்டுக் கூடங்களாக இருப்பதால், தொழிற்சாலைச் சட்டங்களின் காவல் இவர்களை எளிதில் எட்டுவதில்லை. துண்டுக் கணக்கில் கூலி பெறுபவர், ஒரு நாள் ஓய்ந்தாலும் அன்றைய அடுப்பு எரியாது.

அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் இங்கு ஆய்வு நடத்தியதோடு, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவியையும் வடிவமைத்தது. வழி தெரியாமல் இல்லை. நீர் ஊற்றித் தேய்த்தால் தூசி பெரிதும் குறையும். உறிஞ்சு கருவி பொருத்தினால் காற்று தூய்மையாகும். முகத்தில் துணி கட்டிக்கொள்வது மட்டும் போதாது. அந்நுண்துகளைத் துணி தடுக்காது. ஆனால் நீரில் தேய்த்தால் வேலை தாமதமாகிறது, கருவியை இயக்கினால் மின்கட்டணம் ஏறுகிறது என்கின்றனர். அந்தச் சில காசுகளை யார் ஏற்பது என்பதே கேள்வி. கூலியாள் ஏற்க இயலாது. வணிகரும், வாங்கும் நாமுமே ஏற்க வேண்டியவர்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவனது கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்ததை நாம் அறிவோம். கூலியைக் கொடுத்துவிட்டு அவன் மூச்சைப் பறித்துக்கொள்வது எந்த வகை நீதி? மணி வாங்கும்போது விலையை மட்டும் குறைத்துக் கேட்காமல், இது எங்கே தேய்க்கப்பட்டது, நீர் பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் காதில் விழும். நூறு பேர் கேட்டால் வணிகர் காதிலும் விழும்.

நம் வீட்டுக்குள்ளும் இவ்வெச்சரிக்கை தேவை. துளை சிறிதாக இருக்கிறதென்று சிலர் வைரப்பொடி பூசிய அரத்தால் கல்மணியைக் குடைந்து அகலப்படுத்துகின்றனர். அவ்வாறு செய்வதானால், மணியையும் அரத்தையும் நீர் நிறைந்த கிண்ணத்துக்குள் மூழ்கவைத்தே செய்யுங்கள். உலர்ந்த நிலையில் ஒருபோதும் குடையாதீர்கள். முத்தையும் விலையுயர்ந்த கல்லையும் குடையாமல், அதற்கேற்ற மெல்லிய நூலைத் தேடிக்கொள்வதே சிறந்தது. குழந்தைகளை அருகில் அமர்த்திக்கொள்ள வேண்டா.

கம்பாத் செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர்காலத்தில் செல்வது நலம். ஜும்ஆ மஸ்ஜிதைக் கண்டு, கடலோரம் சென்று பேரலையேற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்து, கடைவீதியில் மணிகளையும் தேர்ந்தெடுக்கலாம். கையில் இரண்டு கம்பித் துண்டுகள் இருக்கட்டும். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய அந்த ஒரு கேள்வியும் மறவாமல் இருக்கட்டும்.